பாட்டு நிற்கிறது, எழுதியவர் நிற்கிறாரா?

பாடலாசிரியர் ஒருவர் காலமானால் மறுநாள் பத்திரிகையில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: உடல் மறைந்தாலும் பாடல்களில் அவர் என்றும் வாழ்வார். எழுதுபவர் மனதார எழுதுகிறார், படிப்பவரும் தலையாட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறார். அந்த வாக்கியம் எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்கத் திருவனந்தபுரம் தோதான ஊர். 2020 ஆகஸ்ட் முதல் 2021 நவம்பர் வரையிலான பதினாறு மாதங்களுக்குள் மலையாளம் இழந்த பாடலாசிரியர்களின் வரிசை நீளமானது. 2020 ஆகஸ்ட் 13இல் சுனக்கரை ராமன்குட்டி, அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் மலப்புறம் மாவட்டத்து நாட்டுப்பாட்டுக் கலைஞர் ஜிதேஷ் கக்கிடிப்புறம், 2021 ஜனவரி 3இல் அனில் பனச்சூரான், ஜூன் 18இல் எஸ். ரமேசன் நாயர், நான்கே நாள் கழித்து ஜூன் 22இல் பூவச்சல் காதர், நவம்பர் 26இல் பிச்சு திருமலா. இவர்களில் நான்கு பேருடைய கடைசி மூச்சு இந்த நகரத்தில்தான் அடங்கியது. இவர்களுடைய பாடல்கள் இன்றும் கோயில் திருவிழாவின் கானமேளா என்ற மேடைக் கச்சேரியில், பேருந்தில், பண்பலை வானொலியில், கல்யாண மண்டபத்தில் ஒலிக்கின்றன. ஆகவே பாட்டு வாழ்கிறது என்பதில் சந்தேகமில்லை. அதோடு சேர்ந்து அதை எழுதியவரும் வாழ்கிறாரா என்பதுதான் கேள்வி. கிடைக்கிற சான்றுகளைப் பார்த்தால் பாட்டு தன்னை எழுதியவரைத் தானாகச் சுமப்பதில்லை, பரவப் பரவ அவரை உதிர்த்துக்கொண்டேதான் போகிறது என்று தெரிகிறது. பெயர் நிற்க வேண்டுமானால் அதற்கென்று யாராவது தனியாக ஒரு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அந்த வேலையைத்தான் அஞ்சலி என்று சொல்ல வேண்டும்.

இப்படி ஆவதற்கு நன்றிகெட்டதனம் காரணமல்ல, கேட்கும் முறையே காரணம். ஒரு பாட்டு காதில் விழுந்ததும் குரல் தன்னை அறிவித்துக்கொள்கிறது. யேசுதாஸா ஜெயச்சந்திரனா, ஜானகியா சித்ராவா என்று சொல்ல முதல் அடி போதும். இசையமைப்பாளரும் பெரும்பாலும் தன் அடையாளத்தை விட்டுவைக்கிறார். முன்னிசையில் வரும் வயலினும் இடையிசையில் திரும்பும் புல்லாங்குழலும் இது இளையராஜா, இது ஜான்சன் என்று பழகிய காதுக்குக் காட்டிக் கொடுத்துவிடும். எழுதியவருக்கு இந்த வசதி இல்லை. அவருடைய சொற்கள் இன்னொருவர் வாயிலிருந்து, வேறொருவர் மெட்டில், திரையில் மூன்றாமவர் ஒருவரின் முகத்தோடு வருகின்றன. வயலார் ராமவர்மாவின் சொல்லாட்சியை நாலு வரியிலேயே கண்டுபிடிக்கிற ரசிகர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் சிறுபான்மை. மற்றவர்களுக்கு எழுதியவர் பெயர் காது வழியாக வருவதில்லை. யாராவது சொன்னால்தான் தெரியும். ஒரு காலத்தில் அந்தச் சொல்லும் வேலையை வானொலி செய்தது. 1943இல் திருவிதாங்கூர் அரசின் நிலையமாகத் தொடங்கி 1950இல் அகில இந்திய வானொலியில் சேர்ந்த திருவனந்தபுரம் நிலையம், பாட்டுக்கு முன்னால் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று மூன்று பெயரையும் சொல்லும் பழக்கத்தை வைத்திருந்தது. அங்கே பணியாற்றிய எம்.ஜி. ராதாகிருஷ்ணன் இசையமைத்த மெல்லிசைப் பாடல்கள் சினிமாவின் உதவி இல்லாமலேயே வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. அவற்றில் சிலவற்றை எழுதிய காவாலம் நாராயணப் பணிக்கரின் பெயரும் கூடவே போயிற்று. இன்று கைப்பேசித் திரையில் அதே பாட்டுக்கு மேலே நடிகர் பெயரும் பாடகர் பெயரும் வருகின்றன. எழுதியவர் பெயர் வந்தால் அது அதிர்ஷ்டம்.

பூவச்சல் காதரை எடுத்துக்கொள்வோம். காட்டாக்கடைக்குப் பக்கத்தில் பூவச்சல் என்ற கிராமத்தில் 1948 டிசம்பர் 25இல் பிறந்தவர், அரசுத் துறையில் பொறியாளராகச் சம்பளம் வாங்கிக்கொண்டே பாட்டு எழுதியவர். 1979இல் வந்த பரதனின் தகர, அடுத்த ஆண்டு வந்த சாமரம் இரண்டுக்கும் எம்.ஜி. ராதாகிருஷ்ணன் இசை, காதர் பாட்டு. சாமரத்தில் ஒரு பெண் காலடி ஓசைக்காகக் காத்திருக்கும் பாட்டை எஸ். ஜானகி பாடினார். மலையாள மேடைகளில் ஜானகியை நினைக்கிற எவரும் அந்தப் பாட்டை விடுவதில்லை. அது ஜானகியின் பாட்டு என்றே ஆகிவிட்டது. பிச்சு திருமலாவின் கதையும் இதே ரகம். சிவசங்கரன் நாயர் என்ற இயற்பெயரை விட்டு, தான் வாழ்ந்த திருமலை என்ற பேட்டையைப் பெயரோடு சேர்த்துக்கொண்டு இந்த நகரத்தையே கையெழுத்தாக்கியவர். 1980இல் மஞ்ஞில் விரிஞ்ஞ பூக்கள், 1993இல் மணிச்சித்ரத்தாழ் என இரண்டு தலைமுறைக்குப் பாட்டு கொடுத்தார். மணிச்சித்ரத்தாழில் தஞ்சை நாட்டியக்காரி பாடும் தமிழ் வரிகள் வாலியுடையவை என்பது தமிழ் ரசிகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் படத்தில் பழந்தமிழைப் புகழும் மலையாளப் பாட்டு பிச்சுவுடையது. ஒரே படத்தில் இரு மொழிக் கவிஞர்கள் எழுதியிருக்கிறார்கள், இருவரும் இன்று இல்லை. பாட்டைக் கேட்டதும் நமக்கு நினைவு வருவது ஷோபனாவின் முகம். பிச்சு எழுதிய தாலாட்டுகளின் கதி இன்னும் விசேஷமானது. பப்பாயுடெ சொந்தம் அப்பூஸ் படத்துக்காக இளையராஜாவின் மெட்டில் அவர் எழுதியதைக் கேரளத்துத் தாய்மார்கள் படத்தை மறந்துவிட்டுப் பிள்ளையைத் தூங்கவைக்கப் பாடுகிறார்கள். எழுதிய முப்பது வருடத்துக்குள் அது வீட்டுப் பாட்டாகிவிட்டது. ஒரு கவிஞனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது, இதைவிட முழுமையாகப் பெயரை இழக்கும் வழியும் கிடையாது.

புதிய தலைமுறை பழைய பாட்டை மீட்டெடுக்கும்போதும் நடப்பது இதுவே. 1985இல் பரதன் இயக்கிய காதோடு காதோரம் படத்துக்கு ஓ.என்.வி. குறுப்பு எழுதி ஔசேப்பச்சன் இசையமைத்த ஒரு பாட்டை, 2022இல் ன்னா தான் கேஸ் கொடு படம் திருவிழா கானமேளாக் காட்சியில் பயன்படுத்தியது. குஞ்சாக்கோ போபன் அதற்கு ஆடிய தள்ளாட்டம் கேரளம் தாண்டியும் பரவி, பள்ளிப் பிள்ளைகள் ஆடிக் காட்டும் அளவுக்குப் போனது. ஓ.என்.வி. இறந்து அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வாரங்களில் பேசப்பட்டது நடிகரின் ஆட்டம், அதற்கடுத்துப் புது வடிவத்தைப் பாடிய பிஜு நாராயணனின் குரல். 2017இல் தமிழ்நாடே ஜிமிக்கி கம்மலுக்கு ஆடியது. அம்மாவின் ஜிமிக்கியை அப்பா திருடிக்கொண்டு போக, அப்பாவின் பிராந்தியை அம்மா குடித்துத் தீர்க்கும் அந்தக் குறும்பை எழுதிய அனில் பனச்சூரான், அதற்குப் பத்து வருடம் முன்பு அரபிக்கதை படத்துக்காக இடதுசாரி மேடைகளில் இன்றும் ஒலிக்கும் தியாகிகள் பாட்டை எழுதியவர். இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை என்பது, பெயர் தெரிந்தால் மட்டுமே நமக்குக் கிடைக்கும் செய்தி. 2024இல் மஞ்ஞும்மல் பாய்ஸ் குணா படத்தின் பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தபோது உரிமை யாருக்கு என்று பெரிய விவாதம் எழுந்தது. இசையமைப்பாளர் தரப்பும் படத் தயாரிப்பாளர் தரப்பும் பேசின. சொற்களை எழுதி 2013இல் மறைந்த வாலியின் பெயர் அந்தச் சத்தத்தில் ஓரமாகவே இருந்தது.

சினிமாப் பாட்டுக்காவது படத்தின் பெயர்ப் பட்டியல் என்று ஒரு சாட்சி உண்டு. நாட்டுப்பாட்டுக்கு அதுவும் இல்லை. ஜிதேஷ் கக்கிடிப்புறம் எழுதிய கைதோலப் பாட்டு கேரளத்தில் கேட்காதவர் இல்லாத பாட்டு. காதுகுத்துச் சடங்கில் நடக்கிறது அது. பாய் விரித்து நெல் அளந்து வைத்திருக்கிறார்கள், தாய்மாமன்மார் வரப்போகிறார்கள், காது வலிக்குமே என்று மிரளும் குழந்தையைப் பெரியவர் ஒருவர் தேற்றுகிறார். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட எந்தத் தமிழருக்கும் அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. அதன் தாளமும் சொல்லும் அவ்வளவு பழையதாக ஒலித்ததால், முன்னோர் பாடி வந்த பாட்டு என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மேடைதோறும் பாடினார்கள், குழுவுக்குக் குழு மெருகேற்றினார்கள். சுமார் கால் நூற்றாண்டு கழித்து, 2018இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியாகத்தான் அதை எழுதி மெட்டமைத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பது கேரளத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. இரண்டே வருடத்தில் அவர் இறந்துவிட்டார். அதாவது தன் பாட்டுக்குத் தானே ஆசிரியர் என்று உலகம் ஒப்புக்கொண்ட நிலையில் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ இரண்டு வருடம். அதற்கு முந்தைய காலம் முழுவதும் தன் பாட்டை மற்றவர்கள் பழம்பாட்டு என்று பாடக் கேட்டுக்கொண்டிருந்த காலம்.

திருச்சூர் மாவட்டத்து ஆறுமுகன் வெங்கிடங்குக்கு வேறு விதமான மறைவு. ஜெமினி படத்து வில்லனாகத் தமிழர் அறிந்த கலாபவன் மணி, கேரளத்தில் முதலில் நாட்டுப்பாட்டுக்காரர். சாலக்குடிச் சந்தைக்குப் போகிறவனின் பாட்டும் மின்மினியை விளித்து உருகும் பாட்டும் அவர் குரலில் ஒலிநாடாக்களாக வீடுதோறும் போயின. மணி பாடிய ஏராளமான பாட்டுகளை எழுதியவர் ஆறுமுகன். 2016 மார்ச் 6இல் மணி இறந்தபோது கேரளம் அழுதது, அந்தப் பாட்டுகளைப் பாடித்தான் அழுதது. 2022 அக்டோபர் 3இல் ஆறுமுகன் இறந்தபோது பல செய்திகளின் தலைப்பே ‘கலாபவன் மணியின் பாட்டுகளை எழுதியவர்’ என்றுதான் இருந்தது. இறந்தவரை அறிமுகப்படுத்த இன்னொரு இறந்தவரின் பெயர் தேவைப்பட்டது. மலபார் முஸ்லிம்களின் மாப்பிளப்பாட்டிலும் இதே நிலை. தென்காசியில் பிறந்து மலபாரின் குரலாக வளர்ந்த பீர் முகமது 2021 நவம்பர் 16இல் காலமானார். அவர் பாடியவை இன்று பீர் முகமது பாட்டுகள். 2018இல் ஒரு அடார் லவ் படத்தால் உலகம் சுற்றிய மாணிக்க மலர் பாட்டு, அதற்கு நாற்பது வருடம் முன்பு பி.எம்.ஏ. ஜப்பார் எழுதியது. பாட்டு பிரபலமானதும் பத்திரிகைக்காரர்கள் தேடிப் போனபோது அவர் ரியாத்தில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். நாட்டுப்பாட்டு ஊருக்குப் பொதுவானது, வாய் மாறும்போது சொல் மாறும், கடைசியில் அது யாருடையதும் அல்ல. பெயர் மறைந்து ஊர்ப்பாட்டாகிவிடுவதே ஒரு பாட்டுக்கு உச்ச மரியாதை என்பார்கள். கேட்க அழகான வாதம். ஆனால் இந்தத் தென் திருவிதாங்கூர்ப் பகுதியின் சொந்த மரபே அதை ஒப்புக்கொள்ளவில்லை. திருவனந்தபுரத்தின் தெற்குப் பகுதியிலும் குமரி, நெல்லையிலும் சுடலைமாடன், இசக்கியம்மன் கோயில் கொடைகளில் பாடப்படும் வில்லுப்பாட்டு, தமிழும் மலையாளமும் தோளோடு தோள் உரசும் கலை. வேணாட்டுப் படைத்தலைவர் இரவிக்குட்டிப் பிள்ளையின் போர்க் கதை அந்த வில்லில்தான் முந்நூறு ஆண்டுகளைக் கடந்து வந்திருக்கிறது. அந்த ஆட்டத்தில் அண்ணாவி வீசுகோலை எடுத்ததும் கதைக்குப் போய்விடுவதில்லை. காப்புப் பாடி, குருவடி பாடி, அவையடக்கம் சொல்லி, அதற்குப் பிறகே கதை. தனக்குப் பாட்டு கொடுத்தவருக்கு வணக்கம் சொல்வது நிகழ்ச்சியின் சட்டம். 2022 அக்டோபர் 10இல் சென்னையில் மறைந்த சுப்பு ஆறுமுகம், அதற்கு முந்தைய வருடம் பத்மஸ்ரீ பெற்றவர், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்கு வில்லுப்பாட்டு எழுதிக் கொடுத்ததிலிருந்து தொடங்கியவர். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் கலைவாணரையும், கலைவாணரின் வில்லுப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரையும் சேர்த்தே சொல்கிறார்கள். நாட்டார் மரபு பெயரைச் சொல்ல இடம் வைத்திருக்கிறது. அந்த இடத்தை வெட்டி எறிந்தது ஒலிநாடாவும் தொலைக்காட்சியும் மேடை அவசரமும்தான்.

அந்த மறுப்புக்கு இன்னொரு பதிலும் இதே நகரத்திலிருந்து கிடைக்கிறது. பின்னாளில் திருவிதாங்கூர் மன்னரான சுவாதித் திருநாள் 1813இல் பிறந்தபோது அவருக்காக அரண்மனைக் கவிஞர் இரயிம்மன் தம்பி ஒரு தாலாட்டு எழுதினார். இருநூறு வருடமாகக் கேரளத்துப் பாட்டிமார் வாயில் புழங்கும் அந்தத் தாலாட்டைவிடப் பொதுச் சொத்தாகிப்போன பாட்டு வேறு எது? ஆனாலும் அதை எழுதியவர் பெயர் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 2013இல் லைப் ஆஃப் பை படத்துக்காகப் பாம்பே ஜெயஸ்ரீ எழுதிப் பாடிய தாலாட்டு ஆஸ்கர் பரிந்துரை பெற்றபோது, அதன் தொடக்கம் தம்பியின் வரிகளை ஒத்திருக்கிறது என்று இரயிம்மன் தம்பி நினைவு அறக்கட்டளை புகார் சொன்னது. ஜெயஸ்ரீ அதை மறுத்தார். புகார் சரியா தவறா என்பது இங்கே பேச்சல்ல. 1856இல் மறைந்த ஒரு கவிஞரின் சார்பாக, நூற்றைம்பது வருடம் கழித்துக் கேட்க ஒரு அமைப்பு இருந்தது என்பதே பேச்சு. உயிரோடு இருந்த ஜிதேஷுக்காகக் கேட்க அப்படி எதுவும் இருக்கவில்லை. அரண்மனைக் கவிஞரின் தாலாட்டு எவ்வளவு பரவினாலும் ஆசிரியர் பெயரோடு பரவுகிறது. கிராமத்துக் கலைஞரின் காதுகுத்துப் பாட்டு பரவினால் பழம்பாட்டாகிவிடுகிறது. ஆகவே பெயர் மறைவது பாட்டின் இயல்பு மட்டுமல்ல. எழுதியவர் சமூகத்தின் எந்தப் படியில் நின்றார் என்பதும் அதைத் தீர்மானிக்கிறது. பெயரற்றுப்போவது பெருமை என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் கட்டுரைக்கும் தொகுப்புக்கும் பெயர் போட்டுக்கொள்கிறவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

கடல் கடந்தும் இதே கணக்குதான். அமெரிக்காவின் வட கரோலினாவில் எலிசபெத் காட்டன் என்ற கறுப்பினப் பெண் சிறுமியாக இருந்தபோது சரக்கு ரயிலைப் பற்றி ஒரு பாட்டு கட்டினார். வளர்ந்து வீட்டு வேலைக்குப் போனார். 1950களில் அந்தப் பாட்டு பிரிட்டனில் வேறு ஆட்கள் பெயரில் பதிவாகிப் பிரபலமாயிற்று; வாதாடித்தான் அவர் பெயரைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. கிராமி விருது வந்தபோது அவருக்கு வயது தொண்ணூறுக்கு மேல். தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா 1939இல் பதிவு செய்த பாட்டு, தூங்கும் சிங்கத்தின் பாட்டாக உலகமெல்லாம் சம்பாதித்தது. அவர் 1962இல் ஏழையாகவே இறந்தார். குடும்பத்துக்கு ஒரு தீர்வு கிடைத்தது 2006இல். வெள்ளையர் கன்ட்ரி இசையில் நிலை கொஞ்சம் மேல். நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தபடி பாட்டு எழுதிய கிறிஸ் கிறிஸ்டோபர்சன் 2024 செப்டம்பரில் மறைந்தார். அவருடைய மிகப் புகழ்பெற்ற பாட்டை உலகம் ஜானிஸ் ஜாப்ளினின் குரலில்தான் அறியும், ஆனாலும் அவருடைய இரங்கல் குறிப்புகள் அவரைப் பாட்டெழுதியவராகவே முன்னிறுத்தின. கடிதம் பட்டுவாடா செய்துகொண்டு பாட்டு எழுதிய ஜான் பிரைன் 2020 ஏப்ரலில் கொரோனாவுக்குப் பலியானார். அரசு வேலை பார்த்துக்கொண்டு எழுதிய பூவச்சல் காதரும் அடுத்த வருடம் அதே நோயில்தான் போனார். பிரைனின் பாடல்களைச் சக கலைஞர்கள் அவர் பெயரைச் சொல்லியே பாடிப் பரப்பினார்கள். அந்த இசை உலகில் பாட்டெழுதுவது தனித் தொழில், அதற்கெனப் பதிப்பகம், உரிமைத் தொகை, வட்டம் எல்லாம் உண்டு. பெயர் அங்கே நிற்பதற்குக் காரணம் அந்த ஏற்பாடு.

நம் நாட்டில் அந்த ஏற்பாடு தாமதமாக வந்தது. சினிமாப் பாட்டின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் கைக்கு வருவது ஒரு முறை கொடுக்கும் தொகை. அதோடு கணக்கு முடிந்தது. முப்பத்தைந்து வருடம் கழித்து, 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான், திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத் தொகையில் பங்கு உண்டு, அதை எழுதிக் கொடுத்தும் இழக்க முடியாது என்ற நிலை வந்தது. அந்தத் திருத்தத்துக்காகப் போராடியவர்களில் முன்னால் நின்றவர் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். எழுதியவர் இறந்த ஆண்டுக்குப் பிறகு அறுபது வருடம் உரிமை நீடிக்கும். அந்தக் கணக்கில் 1975இல் மறைந்த வயலாரின் வரிகளுக்கு 2035 முடியும்வரை, 2016இல் மறைந்த ஓ.என்.வி.யின் வரிகளுக்கு 2076 முடியும்வரை வாரிசுகளுக்கு உரிமை உண்டு. ஒரு பாட்டின் மேல் ‘நாட்டுப்பாட்டு, மரபு’ என்று ஒட்டிவிட்டால் இந்தச் சட்டம் முழுவதும் அந்த வீட்டு வாசலிலேயே நின்றுவிடும். பெயரைச் சொல்வது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் என்று மட்டும் நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெயர் போனால் கூடவே வருமானமும் போகிறது.

சினிமாப் பாட்டு மூன்று பேருடைய கூட்டு வேலை, அதில் எழுத்தாளனை மட்டும் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும், மெட்டுக்கு வார்த்தை நிரப்பியவர்தானே என்பது இன்னொரு மறுப்பு. கூட்டு வேலை என்பதில் சண்டையில்லை. மெட்டு முன்பே தயாராகி, அதன் குறில் நெடிலுக்குள் சொல்லைப் பொருத்துவதே பெரும்பாலான நாட்களின் வேலை என்பதும் உண்மை. ஆனால் மெட்டுக்கு எழுதுவதைத் தாழ்வாக நினைப்பவர், கொடுத்த அளவுக்குள் பொருளும் ஓசையும் கெடாமல் நிற்கும் ஒரு வரி எழுதிப் பார்த்தால் தெரியும். பங்கு கேட்பது மூன்றில் ஒன்றுக்குத்தான். மற்ற இருவர் பெயரும் காதிலேயே பதிந்துவிடுவதால் இவர் பெயரை மட்டும் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்திப் பாடல்களைப் பார்த்தால் இது விளங்கும். யேசுதாஸ் 1980இல் இந்த நகரத்தில் தொடங்கிய தரங்கிணி நிறுவனம் வெளியிட்ட மயில்பீலி தொகுப்பின் கிருஷ்ணன் பாட்டுகள் குருவாயூரிலும் கேரளத்தின் மற்ற கோயில்களிலும் அதிகாலை தோறும் ஒலிக்கின்றன. அவற்றை எழுதிய ரமேசன் நாயர் குமரி மாவட்டத்துக் குமாரபுரத்தில் பிறந்தவர். திருக்குறளையும் சிலப்பதிகாரத்தையும் மலையாளத்துக்குக் கொண்டுபோனவர். தமிழுக்கு இவ்வளவு செய்தவர் இறந்த செய்தி தமிழ்நாட்டில் எத்தனை பேரை எட்டியது? கும்பிட்டுக்கொண்டே கேட்கிற பாட்டின் ஆசிரியர் தங்கள் பக்கத்து ஊர்க்காரர் என்று நாகர்கோவிலில் இருந்து குருவாயூருக்குப் பேருந்து ஏறும் பக்தருக்குச் சொல்ல யாருமில்லை.

சிலையும் விருதும் இருக்கின்றனவே, அவை போதாதா என்று மூன்றாவதாகக் கேட்கலாம். திருவனந்தபுரத்தில் வெள்ளயம்பலம் பக்கம் மானவீயம் வீதி என்று ஒரு சிறு தெரு இருக்கிறது. அதன் ஒரு முனையில் வயலார், மறுமுனையில் அவருடைய சொற்களுக்கு இசையமைத்த ஜி. தேவராஜன், இருவருக்கும் சிலை. இடையில் மாலை நேரங்களில் இளைஞர்கள் கூடிப் பாடுகிறார்கள். ஒரு நகரம் பாட்டெழுதியவரையும் மெட்டமைத்தவரையும் எதிரெதிரே நிறுத்திவைத்தது நல்ல காரியம். ஆனால் சிலை பெயரைக் காப்பாற்றுமே தவிர, பாட்டோடு சேர்க்காது. வயலார் பெயரில் 1977 முதல் வழங்கப்படும் விருது கேரளத்தின் பெரிய இலக்கிய விருதுகளில் ஒன்று. முதலில் பெற்றது லலிதாம்பிகா அந்தர்ஜனத்தின் அக்னிசாட்சி நாவல். தொடர்ந்து நூல்களே அதைப் பெற்று வருகின்றன. பாட்டால் ஊர் அறிந்த ஒருவர் பெயரிலான பரிசு பாட்டுக்குப் போவதில்லை. ஓ.என்.வி. ஞானபீடம் பெற்றார், 1952இல் கே.பி.ஏ.சி. என்ற இடதுசாரி நாடகக் குழுவின் நாடகத்துக்கு எழுதிய பாட்டுகளால் ஒரு அரசியல் இயக்கத்துக்கே குரல் கொடுத்தார். சினிமாவுக்கு எழுதியபோது சில காலம் பாலமுரளி என்ற புனைபெயருக்குள் ஒளிய வேண்டியிருந்தது, காரணம் அரசுக் கல்லூரி வேலை. 1989இல் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியில் நின்று தோற்றார். அவர் பாட்டை முணுமுணுத்தபடியே மக்கள் வேறு சின்னத்தில் குத்திவிட்டு வந்தார்கள். பாட்டின் மேல் உள்ள பிரியம் அதை எழுதியவர்மேல் தானாகப் பாய்ந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்கெடுப்பு தேவையில்லை.

கடைசியாக, எல்லாவற்றையும் விட வலுவான மறுப்பு. பாட்டு நின்றால் போதும், பெயர் எதற்கு? இதற்கு ஆதரவாகவே ஒரு சான்று சொல்லலாம். நீலக்குயில் பாடல்களால் 1954இல் மலையாளச் சினிமாப் பாட்டை வடமொழி நடையிலிருந்து பேச்சு மொழிக்குத் திருப்பிய பி. பாஸ்கரன், கடைசிக் காலத்தில் மறதி நோய்க்கு ஆளாகி 2007 பிப்ரவரி 25இல் இந்த நகரத்தில் மறைந்தார். எஸ். ஜானகி அவரைப் பார்க்கப் போய் அவருடைய பாட்டுகளைப் பாடியதும், பாடியவரையும் அடையாளம் தெரியாமல், எழுதியது தான் என்பதும் தெரியாமல் அவர் அந்தப் பாட்டோடு சேர்ந்துகொண்டதும் கேரளத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிற செய்தி. எழுதியவருக்கே பெயர் போன பிறகும் பாட்டு இருந்தது. உண்மைதான். ஆனால் அன்று அந்த அறையில் இருந்த மற்றவர்களுக்கு அது யார் பாட்டு என்று தெரிந்திருந்தது. அதனால்தான் அந்தக் காட்சிக்கு ஒரு கனம் வந்தது, அதனால்தான் அது நமக்கும் வந்து சேர்ந்தது. பாட்டு பெயரில்லாமல் வாழ முடியும். நம்மால் அதை முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது. ஜிமிக்கி கம்மலையும் தியாகிகள் பாட்டையும் ஒருவரே எழுதினார் என்று தெரியும்போது இரண்டும் கொஞ்சம் மாறி ஒலிக்கின்றன. காதுகுத்துப் பாட்டு நம் காலத்து மனிதர் ஒருவர் கட்டியது என்று தெரியும்போது, இன்னமும் அப்படிக் கட்ட முடியும் என்ற நம்பிக்கை அடுத்து எழுத வருபவருக்குக் கிடைக்கிறது. எல்லாம் முன்னோர் செய்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தால் புதிதாக எழுதுபவர் எங்கிருந்து வருவார்?

ஆகவே பாடல்களில் வாழ்வார் என்ற வாக்கியம் பாதி உண்மை. மீதிப் பாதியை உயிரோடு இருக்கிறவர்கள் செய்ய வேண்டும், அது ஒன்றும் பெரிய வேலையும் அல்ல. கானமேளா அறிவிப்பாளர் படத்தின் பெயரோடு கவிஞர் பெயரையும் சேர்த்துச் சொன்னால் கூடுதலாக இரண்டு நொடி ஆகும். பண்பலை நிலையங்கள் பழைய வானொலி வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவர யார் அனுமதியும் வேண்டாம். கேரள ஃபோக்லோர் அகாடமியும் தமிழ்நாட்டின் இயல் இசை நாடக மன்றமும், உயிரோடு இருக்கும் நாட்டுப்பாட்டு ஆசிரியர்களிடமிருந்தே அவர்கள் எழுதிய பாட்டு, எழுதிய ஆண்டு, முதலில் பாடிய இடம் ஆகியவற்றைப் பதிவு செய்தால் இன்னொரு ஜிதேஷ் இருபத்தைந்து வருடம் காத்திருக்க வேண்டியிராது. வயலார் பெயரிலும் ஓ.என்.வி. பெயரிலும் பாட்டுக்கென்றே ஒரு பரிசு வைக்கலாம். வாசகர் செய்யக்கூடியது இன்னும் எளிது. அடுத்த முறை ஒரு பாட்டை யாருக்காவது அனுப்பும்போது பாடியவர், இசையமைத்தவர் பெயரோடு எழுதியவர் பெயரையும் தேடிச் சேர்த்து அனுப்புங்கள்.